சிப்பி கலந்த மண்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கி:

தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம். எனக்கு 36 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில், வாடை கிளம்பிய நாளில் நாட்டுப்படகில் போன என் கணவர் திரும்பவில்லை. கூடப் போனவர் மறுநாள் கரை சேர்ந்துவிட்டார். இவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மகன் இலங்கைச் சிறையில் இருக்கிறான், வந்துவிடுவான் என்கிறார் மாமியார். நான் பொட்டு வைக்காமல் இருந்தால் சண்டைக்கு வருகிறார். வரும் ஆடி அமாவாசையில் சேதுக்கரையில் வைத்துக் காரியத்தை முடித்துவிட வேண்டும், அப்போதுதான் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும் என்கிறார் கொழுந்தனார்.

போன வருடம் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மானாமதுரைப் பக்கம் உள்ள அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அடுத்த வீடு மண்பாண்டம் செய்யும் வேளார் வீடு. "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், வா" என்று அந்த அம்மா மண் பிசையக் கூப்பிட்டார். பிசைந்தேன், பானை தட்டினேன், அகல் விளக்கு செய்தேன். அங்கேதான் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன். இப்போது இங்கே கொல்லையிலும் செய்கிறேன். "நீதான் பானை செய்கிறாயே, குடத்தையும் நீயே செய்துவிடு" என்றார் கொழுந்தனார். அன்றிலிருந்து குடம் மாதிரி எதையும் செய்ய வரவில்லை.

பக்கத்து வீட்டில் என்னை "ஏர்வாடி கேஸ்" என்று பேசியது காதில் விழுந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். எங்கள் கழிமுகத்து மண்ணை எடுத்து ஒரு சட்டி செய்து, வறட்டி மூட்டிச் சுட்டேன். நன்றாக வந்தது. ஒரு வாரம் கழித்து, யாரும் தொடாமலேயே பொரிந்து உதிர்ந்தது. மாமியார் அபசகுனம் என்று அழுதார். 11 வயது மகன் அப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு நாள் ஈரச் சட்டியில் ஆணியால் படகு கீறியிருந்தான். பயந்துபோய் அழித்துவிட்டேன். நான் செய்வது சரியா? மண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்கிறேனா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சட்டி. உங்கள் கடிதத்தில் இருப்பவற்றில் அது ஒன்றுக்குத்தான் என்னால் சந்தேகமே இல்லாமல் பதில் சொல்ல முடியும்.

உதிர்ந்த ஓடுகளை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொரிந்த குழிகளின் அடியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி இருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக வரும். அது சுண்ணாம்பு. கழிமுகத்து மண்ணில் சிப்பித் துகள் கலந்திருக்கும். பிசையும்போது மணல் மாதிரிதான் கையில் படும், வித்தியாசம் தெரியாது. நெருப்பில் சூடு 800 டிகிரியைத் தொடும்போது அந்தச் சிப்பி சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடுகிறது. நம் கரையில் சிப்பியைக் காளவாசலில் சுட்டுத்தானே வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள்? அதே வேலை உங்கள் சட்டியின் சுவருக்குள் நடந்திருக்கிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் எப்படிப் பொங்கும் என்பது உங்கள் மாமியாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இங்கே யாரும் தெளிக்க வேண்டியிருக்கவில்லை, கடற்காற்றின் ஈரமே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு துகளும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிப் பருத்து, தனக்கு மேலிருந்த மண்ணைத் தள்ளிவிட்டது. அதற்கு ஒரு வாரம் பிடித்தது. அவ்வளவுதான்.

மானாமதுரையில் நீங்கள் பிசைந்தது கண்மாய் மண். அதில் இந்தத் தொல்லை கிடையாது. இனி கரை மண்ணைத் தொடாதீர்கள். உப்பு வேறு, காயும்போதே வெள்ளையாகப் பூத்துவிடும். அம்மா வீட்டுக்குப் போய்வரும்போது இரண்டு மூட்டை கண்மாய் மண்ணை அந்த வேளார் வீட்டிலேயே விலைக்குக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு மாமியாரோடு வாதாட வேண்டாம். சட்டியைப் பார்த்து அவர் அழுதது சட்டிக்காக இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

மண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறேனா என்று கேட்கிறீர்கள். ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஒளிந்துகொண்டால்தான் என்ன? பதினெட்டு ஆண்டுகளாக இந்தக் கரையில் உளநல ஆலோசகராக இருக்கிறேன். துக்க வீட்டுப் பெண்ணிடம் நம் ஊர் கேட்கும் கேள்வி இரண்டே இரண்டு: ஏன் இன்னும் அழுகிறாய், ஏன் அதற்குள் அழுகையை நிறுத்திவிட்டாய். ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் இரண்டையும் கேட்பார்கள். நெதர்லாந்தில் துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இருவர் 1999-இல் எழுதியது எனக்கு இன்றுவரை தொழிலில் உதவுகிறது. இழந்தவரின் மனம் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும் என்றார்கள்: கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம், கொஞ்ச நேரம் அன்றாடத்தின் பக்கம். அப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம். எந்தப் பக்கமாவது போய் அங்கேயே தங்கிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் வீட்டில் இழப்பின் பக்கம் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்தே கிடக்கிறது. போய்வர இன்னொரு பக்கம் இல்லாமல் இருந்தீர்கள். கொல்லையில் அதை நீங்களே ஏற்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

எப்போது ஒளிவது ஆகும் என்றால், மகன் பள்ளியிலிருந்து வந்து பசியோடு நிற்பது தெரியாமல் நீங்கள் தட்டிக்கொண்டே இருந்தால், விரல் வெடித்து இரத்தம் வந்தும் எழுந்திருக்க முடியாமல் போனால், யாராவது கூப்பிட்டாலே ஆத்திரம் பொங்கினால். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

நான்கைந்து வருடங்களுக்கு முன், என்னிடம் வந்த ஒருவர் மண் வேலையில் தெளிந்ததைப் பார்த்துவிட்டு, நானும் மானாமதுரையில் ஒரு வேளார் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். சக்கரம் எனக்கு வரவில்லை. மூன்று நாள் மண் சுற்றிச் சுற்றி என் மடியிலேயே விழுந்தது. "அம்மா, நீங்கள் அதை அதட்டுகிறீர்கள்" என்றார் அந்தப் பெரியவர். தட்டுவது மட்டும் வந்தது. சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்த பானைக்கு அடி மூடியிருக்காது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பாதி காய்ந்த பதத்தில் அதை மடியில் சாய்த்து, வழவழப்பான கல் ஒன்றை இடது கையில் உள்ளே பிடித்துக்கொண்டு, வலது கையில் தட்டுப்பலகையால் வெளியே தட்டித் தட்டி அடியை மூட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் கை கண்ணுக்குத் தெரியாது. பலகை விழப்போகும் இடத்துக்குக் கல் ஒரு நொடி முன்னதாகவே போய் நிற்க வேண்டும். தவறினால் பானையில் ஓட்டை. முதலில் தொப் தொப்பென்று ஈரச் சத்தம். சுவர் மெலிந்து இறுக இறுக அது டப் டப்பென்று மாறும். அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டுத்தான் நிறுத்துவார்கள். மானாமதுரைக் கடத்துக்கு இந்தத் தட்டு ஆயிரக்கணக்கில் விழுகிறது. நாதமே அதிலிருந்துதான் வருகிறது. 2023-இல் அந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் கொஞ்சம் அதிகமாகவே பெருமைப்பட்டேன், நான் செய்த இரண்டு பானையும் கோணல் என்றாலும்.

விஷயம் என்னவென்றால், இரண்டு கையும் ஒன்றையொன்று பார்க்காமல் சேர்ந்து வேலை செய்யும் அந்த ஒரு மணி நேரம், "அன்று அவரைப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே" என்று சுழலும் மனத்துக்கு இடமே இருப்பதில்லை. தடுத்து நிறுத்தப்படுவதில்லை, இடம் கிடைக்காமல் வெளியே நிற்கிறது. கூடவே, காலால் மிதித்து, கையால் பிசைந்து உடம்பு உண்மையாகவே களைக்கிறது. துக்கக் களைப்பில் தூக்கம் வராது, வேலைக் களைப்பில் வரும். உங்களுக்கு விடியும்வரை தூக்கம் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்கு மண், வண்ணப் பேனா, ஒட்டுப்படக் காகிதம் ஆகியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது கூடும் சுரப்பு அது. நான்கில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் வேறுபாடு தெரியவில்லை என்பது எனக்குப் பிடித்த பகுதி. ஹாங்காங்கில் மனச்சோர்வுக்காக மருத்துவமனைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த 106 பேரிடம் நடத்திய இன்னொரு ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம், ஆறு வாரம். ஆலோசகரின் துணையோடு மண்ணில் வேலை செய்தவர்களின் சோர்வு, வேறு கலை வேலை செய்தவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் பாருங்கள், அவர்கள் சிகிச்சையில் இருந்தவர்கள். மண் வந்ததும் மருத்துவமனையை விட்டு ஓடியவர்கள் இல்லை.

பெருநகரங்களில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மண் வகுப்புகள் நடக்கின்றன. மெழுகுவத்தி ஏற்றி, மெல்லிசை போட்டு, ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி, மண் உங்கள் காயத்தை ஆற்றும் என்கிறார்கள். போகிறவர்கள் போகட்டும். மண் காயத்தை ஆற்றும் என்று நான் எழுதித் தரமாட்டேன். தலைமுறை தலைமுறையாக மண்ணில் கை வைத்த வீடுகளிலும் துக்கம் உண்டு, கடன் உண்டு, குடி உண்டு. உங்களுக்குக் கிடைத்தது வேறு. அந்த அம்மா உங்களிடம் ஆறுதல் சொல்லவில்லை, வேலை சொன்னார். இரண்டு வருடத்தில் உங்களிடம் யாரும் செய்யாத காரியம் அது.

இனி கடினமான பகுதி.

உங்கள் துக்கம் சாதாரண விதவையின் துக்கம் இல்லை. விதவை என்ற சொல்லை எழுதக்கூட எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் விதவையா இல்லையா என்பதே உங்கள் வீட்டில் முடியாத வழக்காக இருக்கிறது. வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க வீரர்களின் மனைவியரோடு 1970-களில் பேசிய பாலின் பாஸ் என்ற பேராசிரியை, இப்படிப்பட்ட இழப்புக்குத் தனிப் பெயரே வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று தமிழில் சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டதாகவும் சொல்ல முடியாது. துக்கம் ஓடாமல் உறைந்து நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு முடிவு கட்டியே ஆக வேண்டும் என்று துரத்துவது பயன் தராது என்பதுதான் அவர் பல ஆண்டு வேலையில் கண்டது. "அவர் இல்லாமல் இருக்கலாம், வரவும் வரலாம்" என்று இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வாழ முடியும். அது பைத்தியக்காரத்தனம் இல்லை. உடல் கிடைக்காத கரைகளில் பெண்கள் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபின் எத்தனையோ வீடுகளில் அப்படி.

மாமியார் "இருக்கிறான்" என்று சொல்லச் சொல்கிறார். கொழுந்தனார் "இல்லை" என்று சொல்லச் சொல்கிறார். கொல்லையில் இருக்கும் பச்சைப்பானை மட்டும்தான் உங்களிடம் எதையும் சொல்லச் சொல்வதில்லை. சுடாத பானையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். நாளைக்கு வேறொன்று செய்யலாம். சுட்டபின் வருடக்கணக்கில் ஊறினாலும் மண்ணாகாது. ஈரம் போகாத பானையை அவசரமாகச் சூளையேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும். இது உங்களுக்குத் தெரியும். கொழுந்தனாருக்குத் தெரியாது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அண்ணனை இழந்தவர்; படகுக் கடனும் அவர் தலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் குடத்தையும் நீயே செய் என்றது கொடுமையான பேச்சு. நம் வழக்கத்தில் அந்தக் குடம் வீட்டுப் பெண் செய்வது இல்லை, வேளாரிடம் வாங்குவது. தோளில் வைத்துச் சுற்றி, ஓட்டை போட்டு, உடைப்பதற்கென்றே பிறக்கும் குடம் அது. உங்களுக்குக் குடம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சட்டி செய்யுங்கள், அகல் செய்யுங்கள், மூடி செய்யுங்கள். கை மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் அதை வற்புறுத்தமாட்டேன், நீங்களும் வேண்டாம்.

காரியம் செய்வதா வேண்டாமா என்பதை நீங்களும் மாமியாரும் கொழுந்தனாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், நேரம் எடுத்துக்கொண்டு. ஆனால் சான்றிதழுக்காகக் காரியம் என்பது தவறான தகவல். சேதுக்கரையில் தர்ப்பணம் கொடுத்தால் எந்த அலுவலகமும் சான்றிதழ் தருவதில்லை. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லாதிருந்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தில் 111. அரசு நிவாரணம் வேறு விஷயம். 2017 ஒக்கி புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஏழு ஆண்டு காத்திருக்க வைக்காமல் நிவாரணம் கொடுத்தார்கள். ஆகவே அன்று காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், மீன்வளத் துறைப் பதிவு இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். இலங்கையில் கைதாகும் மீனவர்களின் பெயர்கள் தூதரகம் வழியாக இங்கே வந்துவிடும். மீன்வளத் துறையில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்குங்கள். அந்தத் தாளை மாமியாரிடம் காட்டுவதா, எப்போது காட்டுவது என்பதை நாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். தூக்கம் வந்துவிட்டது, சாப்பாடு இறங்குகிறது என்பதற்காக மனச்சோர்வு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் ஓடுவதுபோன்ற உணர்வு வரலாம். அது போனாலும் சில மாதங்களில் பழைய நிலை திரும்பி வரலாம். நன்றாகத் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. இந்த வாரமே அதே மருத்துவமனைக்குப் போய், நிறுத்தியதைச் சொல்லுங்கள். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். மண் வேலை செய்வதையும் சொல்லுங்கள், அதுவும் சிகிச்சைக் குறிப்பில் ஏறட்டும். இடையில் என்றாவது ஒரு ராத்திரி, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசும், கட்டணம் இல்லை.

"ஏர்வாடி கேஸ்" என்ற அந்தப் பேச்சைப் பற்றி. மனநோய் தீர வேண்டி வருகிறவர்கள் தங்கும் தர்கா உள்ள ஊர் ஏர்வாடி. நம் மாவட்டத்தில் இதைக் கேலியாகச் சொல்லாத தெரு இல்லை, எனக்குக் கேட்கும்போதெல்லாம் உடம்பு எரியும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களும் யாரோ ஒருவருக்குப் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை. அந்த ஊர்ப் பெயரைக் கேலிக்கு எடுப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தும் மறந்துபோயிருக்கிறது. இன்று தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துவா ஒரு பக்கம், அரசு மனநல மருத்துவர் ஒரு பக்கம் என்று இரண்டும் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு சொல்லைச் சொன்னதற்காக உங்கள் தூக்கத்தை அவளிடம் ஒப்படைக்காதீர்கள்.

சரி, மாமியார். அவர் மண்ணுக்கு விரோதி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் வயதுப் பெண்களில் தன் கையால் அடுப்புப் போடாதவர் நம் கரையில் அநேகமாக இருக்கமாட்டார். மண்ணும் வைக்கோல் துணுக்கும் சாணமும் சேர்த்து, மூன்று குமிழ் வைத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து வாய் வைத்த அடுப்பு. எரிவாயு வந்தபின் அவர் கைக்கும் வேலை போய்விட்டது. கொல்லையில் உங்களுக்கு ஒரு அடுப்புப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். "எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் அத்தை" என்று கேளுங்கள், அது பொய்யும் இல்லை. முதலில் மறுப்பார். குமிழ் கோணலாக வைத்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

அடுப்பு முடிந்ததும் நீங்கள் கண்மாய் மண்ணில் செய்து சுட்ட சட்டியைப் பழக்கி ஏற்றுங்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊறட்டும், பிறகு அரிசி களைந்த நீரைக் காய்ச்சி ஊற்றுங்கள், எண்ணெய் தடவிச் சிறு தீயில் காட்டுங்கள். என்ன குழம்பு வைப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். தன் மகனுக்குப் பிடித்த குழம்பைத்தான் வைப்பார். அன்று அழுகை வரும், வரட்டும். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள்.

உடம்பு விஷயம் இரண்டு வார்த்தை. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். மண் சலிக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள். விரலில் வெட்டு இருந்தால் ஆறும்வரை பொறுங்கள்.

கடைசியாக உங்கள் மகன். இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இந்த ஒரு வரிதான். படகைக் கீறியிருந்தான், பயந்துபோய் அழித்துவிட்டேன்.

ஏன் பயந்தீர்கள் என்று புரிகிறது. ஆனால் இரண்டு வருடத்தில் அவன் அப்பாவைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது. வாயால் சொல்ல வராததை ஆணியால் சொன்னான். வைகை கடலில் சேரும் இடத்தில், உங்களுக்கு ரொம்பத் தூரமில்லாத அழகன்குளத்தில், தொல்லியல் துறை தோண்டியபோது கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. ரோமாபுரியோடு வணிகம் நடந்த காலத்து ஊர் அது. எந்தக் கை கீறியதோ, யாருக்காகக் காத்திருந்த கையோ, யாருக்கும் தெரியாது. கரையில் இருப்பவர்கள் பானையில் படகு கீறுவது புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவனை உட்காரவைத்துப் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். மண் பிசையும்போது, முகத்தைப் பார்க்காமல், போகிற போக்கில் சொல்லுங்கள்: "அன்றைக்கு அந்தப் படகை அம்மா அழித்திருக்கக் கூடாது." அவ்வளவு போதும். பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் கூப்பிடாதீர்கள். பக்கத்தில் ஒரு உருண்டை மண்ணை அவனுக்கென்று ஈரத் துணி போர்த்தி வையுங்கள். அவன் அதை எடுத்துச் சுவரில் அடிக்கலாம், பந்தாக உருட்டலாம், ஒரு வாரம் தொடாமலும் இருக்கலாம். என்ன செய்தாலும் "இது என்ன, இதில் யார் இருக்கிறார்கள்" என்று கேட்காதீர்கள். பள்ளிக்குப் போக மறுத்தாலோ, இரவில் அலறி எழுந்தாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ மட்டும் தாமதிக்காமல் அவனையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மறுபடி கீறினான் என்றால், வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். கீறல் ஓரம் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். நனைத்த துணியை அதன் மேல் மட்டும் லேசாகப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, சுடலாமா என்று அவனையே கேளுங்கள். சுட வேண்டாம் என்றால் அப்படியே பரணில் இருக்கட்டும். சுடலாம் என்றால் சுடுங்கள். ஆனால் அவன் கைக்கு எட்டும்படி வைக்கும் மண் கண்மாய் மண்ணாகவே இருக்கட்டும், கழிமுகத்து மண் வேண்டாம்.